ஒன்பதாம் நம்பர் கனகலட்சுமி

பரவை காய்கறி மார்க்கெட்டில் தக்காளி எடுக்க வருகிற எவரும் கனகலட்சுமியின் குரலைக் கேட்காமல் திரும்ப முடியாது. அங்கே ஒரு கமிஷன் கடையில் ஏலம் கூறுவதுதான் அவள் வேலை. விடிவதற்கு முன்பே பெட்டிகளின் மேல் ஏறி நின்றால், கடைசிப் பெட்டி கைமாறும்வரை இறங்க மாட்டாள். ஆம்பளைகள் தொண்டை கிழியக் கத்துகிற இடத்தில் முப்பத்தொரு வயதுப் பெண்ணுக்கு என்ன வேலை என்று ஆரம்பத்தில் சிலர் கேட்டதுண்டு. கேட்டவர்கள் எல்லாரும் இப்போது அவள் கூறுகிற விலைக்குத்தான் வாங்கிப் போகிறார்கள்.

கூட்டத்தில் யார் சரக்கு எடுக்கிற ஆள், யார் சும்மா பொழுதுபோக்குக்கு விலை கேட்கிற ஆள் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். "அண்ணே, எடுக்கிறதுன்னா எடுங்க. இல்லைன்னா கொஞ்சம் அங்கிட்டு நின்னு அடுத்த ஆளுக்கு வழி விடுங்க" என்பாள். யாரும் கோபித்துக்கொண்டதில்லை. சொல்கிற விதம் அப்படி.

இப்பேர்ப்பட்டவள் மே மாதத்து வெயிலில் ஒரு பள்ளிக்கூடத்து அறிவிப்புப் பலகை முன்னால் பேச்சில்லாமல் நின்றாள். கோச்சடையில் கன்னியர்கள் நடத்துகிற தனியார் பள்ளி அது. எல்.கே.ஜி. சேர்க்கைக்கு எடுத்த பிள்ளைகளின் பட்டியல் ஒரு தாளில் இருந்தது. அதில் அவள் மகள் தமிழ்வாணி இல்லை. பக்கத்தில் இன்னொரு தாள், காத்திருப்போர் பட்டியல். பன்னிரண்டு பெயர்கள். ஒன்பதாவது தமிழ்வாணி.

மதுரையில் ஒரு பிள்ளைக்கு நாலு பள்ளிக்கூடத்தில் விண்ணப்பம் போடாத பெற்றோரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கனகலட்சுமி ஒரே பள்ளிக்கூடத்தில் போட்டிருந்தாள். மார்க்கெட் புத்தி. எடுக்கப் போகிற சரக்குக்கு மட்டும்தான் கை தூக்க வேண்டும், எல்லாப் பெட்டிக்கும் கை தூக்குகிறவன் ஏமாற்றுக்காரன் என்பது அவள் கட்சி. அந்தக் கட்சிக்கு இந்த ஊரில் அவள் ஒருத்திதான் உறுப்பினர் என்பது பலகையைப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

அந்தப் பள்ளிதான் வேண்டும் என்பதற்குக் காரணம் இருந்தது. அவள் கணவன் ராம்கி கேரளத்துக்குக் காய்கறி லாரி ஓட்டுகிறவன். வாரத்தில் நாலு நாள் வீட்டில் இருக்க மாட்டான். மற்றப் பள்ளிக்கூடத்து வேன்கள் காலை ஏழரைக்கே தெருமுனைக்கு வந்துவிடும். அந்நேரம் கனகலட்சுமி பரவையில் பெட்டி மேல் நிற்பாள். வீட்டுச் சொந்தக்காரி ரெங்கம்மாள், பிள்ளை எழுந்திருக்கும்வரை பார்த்துக்கொள்வாளே தவிர, குளிப்பாட்டி வேனில் ஏற்றுவதெல்லாம் அவளால் ஆகாது. இந்தப் பள்ளி வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடை. எட்டரைக்கு மார்க்கெட்டிலிருந்து வந்து, பிள்ளையைக் கிளப்பி, ஒன்பது மணிக்கு அவளே கொண்டுபோய் விட்டுவிடலாம். போன வருஷம் விண்ணப்பத் தேதியைத் தவறவிட்டாள். அடுத்த வருஷம் என்றால் எல்.கே.ஜி. வயது தாண்டிவிடும். இந்த வருஷம் விட்டால் வேலையை விட வேண்டும், அல்லது பள்ளியை விட வேண்டும். இரண்டையும் விட அவளுக்கு மனசில்லை.

பள்ளி அலுவலகத்தில் பிலோமினாள் இருந்தாள். இருபத்திரண்டு வருஷமாக அதே நாற்காலி. கண்டிப்பானவள், ஆனால் கெட்டவள் இல்லை.

"ஒரு எடம் காலியாயிருக்கும்மா" என்றாள் பிலோமினாள். "சேந்த பிள்ளையோட அப்பாவுக்குக் கோயம்புத்தூர்ல வேலை கெடச்சிருச்சு. காலைலதான் மொத ஆளுக்கு போன் போட்டேன். வாரேன் மேடம்னு சொல்லியிருக்காரு. மூணு வேலை நாள் பாப்பேன்."

"அவுக வரலைன்னா மேடம்?"

"ரெண்டாவது ஆளுக்குப் போடுவேன். அவுகளும் வாரேன்னுதான் சொல்லுவாக. அங்கயும் மூணு நாள். இம்புட்டு வருஷத்துல வேண்டாம்னு வாயத் தொறந்து சொன்ன ஆளு ஒருத்தரையும் நான் பாக்கல."

"பட்டியல எப்ப மூடுவீக?"

"ஜூன் மொத வெள்ளி, நாலு மணி. திங்கக்கெழம பள்ளிக்கூடம் தெறந்துருவோம்."

கனகலட்சுமி மனசுக்குள் கணக்குப் போட்டாள். அன்று வியாழன். மூடுவதற்குப் பன்னிரண்டு வேலை நாள் இருந்தது. ஆளுக்கு மூன்று நாள் என்றால் நாலு பேரைத் தாண்டாது. முன்னால் இருக்கிற எட்டுப் பேரில் ஒருவருக்கும் அந்த இடம் தேவையில்லை என்றாலும், 'வாரேன், வாரேன்' என்று சொல்லியே அவள் மகளின் முறை வராமல் பண்ணிவிடுவார்கள். இதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. ஆள் எடுத்துக்கொண்டு போனால் சரி. எடுக்காமலும் நகராமலும் வழியை அடைத்துக்கொண்டு நிற்பதை அவள் மார்க்கெட்டில் ஒரு நாளும் விட்டதில்லை.

"ஒருத்தர் வேண்டாம்னு எழுதிக் குடுத்தா?"

"அந்த நிமிஷமே அடுத்த ஆளுக்கு போன் போட்ருவேன்" என்றாள் பிலோமினாள். "எழுதிக் குடுக்கத்தான் ஆள் இல்ல."

பலகையில் பிள்ளையின் பெயர், அப்பா பெயர், தெரு எல்லாம் இருந்தது. கனகலட்சுமி அதை போனில் படம் எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் சாயங்காலம் முதல் நம்பர் வீட்டு வாசலில் நின்றாள். பாண்டியராஜன் டைல்ஸ் கடை வைத்திருக்கிறவர். அவர் மனைவி ரோகிணி அப்போதுதான் விளக்கேற்றிவிட்டுக் கூடத்துக்கு வந்திருந்தாள். பையன் வேறொரு பள்ளிக்கூடத்து டையை வெற்று மார்பில் மாட்டிக்கொண்டு சோபா மேல் குதித்துக்கொண்டிருந்தான். அதைப் பார்த்ததுமே கனகலட்சுமிக்கு விஷயம் விளங்கிவிட்டது. எடுக்காத ஆள்.

தான் யார் என்று சொன்னாள். ஒன்பதாம் நம்பர் என்றும் சொன்னாள். ரோகிணி தண்ணீர் கொடுத்தாள், உட்காரச் சொன்னாள். எல்லாம் நன்றாகத்தான் போனது. அதன் பிறகு கனகலட்சுமி மார்க்கெட்டில் கேட்பதுபோல நேராகக் கேட்டாள்.

"தம்பி வேற எடத்துல சேந்துட்டாப்லருக்கே. இந்த சீட்டு வேண்டாம்னு ஒரு வரி எழுதிக் குடுத்தீகன்னா புண்ணியமாப் போகும்க்கா."

ரோகிணியின் முகம் மாறிவிட்டது. "வெள்ளிக்கெழம, வெளக்கு வச்ச நேரம். பிள்ளையோட படிப்ப வேண்டாம்னு எழுதித் தரச் சொல்ற. நீயும் பிள்ளை பெத்தவதான?"

"அப்டி இல்லக்கா, நான் சொல்ல வந்தது..."

"எதுன்னாலும் அவுக வரட்டும், பாப்போம்" என்று எழுந்துவிட்டாள். எழுந்துவிட்டால் போய் வா என்று அர்த்தம்.

தெருவில் நடக்கும்போது கனகலட்சுமிக்கு ரோகிணி மேல்தான் கோபம் வந்தது. இவளுக்கு எதற்கு இரண்டு பள்ளிக்கூடம்? ஒரு பிள்ளை இரண்டு பெஞ்சில் உட்காருமா? வீடு வந்து சேரும்வரை மனசுக்குள் நன்றாகத் திட்டித் தீர்த்தாள். திட்டு ஓய்ந்த பிறகு ஒரு சந்தேகம் வந்தது. 'என் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் வேண்டாம்' என்று எழுதி யாராவது ஒரு தாளை நீட்டினால், தான் கையெழுத்துப் போடுவாளா? போட மாட்டாள். கை வராது. இது தெரிந்தபோது கோபம் போய், பயம் வந்தது. மற்ற ஏழு வீட்டிலும் இதேதான் நடக்கும்.

சனிக்கிழமை காலை மார்க்கெட்டில் நல்ல விற்பனை. ஏழரை மணிக்கே பெட்டிகள் காலி. பிந்தி வந்த சோலை என்கிற மெஸ்காரர், "என்னத்தா, தக்காளி?" என்றார்.

"நாளைக்கு வருதுண்ணே" என்றாள் கனகலட்சுமி, வழக்கம்போல.

சொன்ன பிறகு அவளே நின்றுவிட்டாள். ஒன்பது வருஷமாக அந்தக் கடையில் வேலை பார்க்கிறாள். தக்காளி இல்லை என்று ஒரு நாள்கூட அவள் வாயால் சொன்னதில்லை. கடையில் நின்று 'இல்லை' என்று சொல்லக் கூடாது. வீட்டில் அரிசி தீர்ந்தால் அரிசி நிறைந்துபோச்சு என்போம். விளக்கை அணை என்று சொல்லாமல் குளிர வை என்போம். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடுகிறவர்கள் இல்லை நாம். நல்ல வார்த்தையாகக் கொடுத்தால் எதையும் சொல்லிவிடுவோம். அவள் ரோகிணியிடம் கேட்டதில் தப்பில்லை, கொடுத்த வார்த்தைதான் தப்பு. இது இவ்வளவு நேரம் தன் மண்டையில் உறைக்கவில்லையே என்று கனகலட்சுமிக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது.

கடை எழுத்தரிடம் ஒரு வெள்ளைத் தாள் வாங்கி, பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் வைத்து எழுதினாள். 'இறைவன் அருளால் எங்கள் பிள்ளைக்கு வேறு பள்ளியில் இடம் கிடைத்துச் சேர்ந்துவிட்டோம் என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம். எங்களை நினைவில் வைத்திருந்த தங்கள் பள்ளிக்கு நன்றி.' பிள்ளை பெயருக்கும் கையெழுத்துக்கும் இடம் விட்டாள். வேண்டாம் என்ற சொல் தேடினாலும் கிடைக்காது. ஜெராக்ஸ் கடையில் ஏழு பிரதி எடுத்தாள். வீட்டுக்கு வந்து, கல்யாணப் பத்திரிகைக்குத் தடவுவதுபோல் நாலு மூலையிலும் மஞ்சள் தடவிக் காய வைத்தாள். ரெங்கம்மாள் பார்த்துவிட்டு யாருக்குக் கல்யாணம் என்று கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் பாண்டியராஜன் வீடு. இந்த முறை கால் கிலோ அல்வாவோடு போனாள். கதவைத் திறந்த ரோகிணி, "திரும்பவுமா" என்பதுபோலப் பார்த்தாள்.

"தம்பிக்கு எடம் கெடச்சதுக்கு அன்னைக்கே வாயில இனிப்புப் போட்டிருக்கணும். வெறுங்கையோட வந்து நின்னுட்டேன், தப்பு என் பேர்லதான்" என்று பையனைக் கூப்பிட்டு அல்வாவை ஊட்டினாள் கனகலட்சுமி. பிறகு தாளை ரோகிணி கையில் கொடுத்தாள். "இந்த நல்ல சேதிய அந்தப் பள்ளிக்கூடத்துக்கும் சொல்லிரலாமேக்கா. அவுகளும் தம்பி பேர எழுதி வச்சுக் காத்துக்கிட்டிருக்காக."

ரோகிணி ஒரு தடவை வாசித்தாள். மஞ்சளைத் தொட்டுப் பார்த்தாள். இன்னொரு தடவை சத்தமாக வாசித்தாள். அதற்குள் பாண்டியராஜன் உள்ளேயிருந்து சட்டையை மாட்டிக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தார்.

"இப்டின்னா சொல்லலாம்ங்க" என்றாள் ரோகிணி.

"எப்டின்னாலும் சொல்லலாம்னுதான நான் மூணு நாளா சொல்றேன்" என்று பாண்டியராஜன் பேனாவைத் தேடினார். அவர் அப்படி ஒன்றும் சொன்னதாகத் தெரியவில்லை. ஆனாலும் கையெழுத்துப் போட்டார், அதுதான் முக்கியம்.

கிளம்பும்போது கனகலட்சுமி ஒரு கேள்வி கேட்டாள். "ஒங்களுக்குத் தெரிஞ்சு, அந்தப் பள்ளிக்கூடத்துல சேந்துட்டு, வேற காரணத்தால வராம இருக்கப் போற பிள்ளைக யாராச்சும் உண்டாக்கா?" ரோகிணி யோசித்துவிட்டு இல்லை என்றாள். கேட்டு வைப்பதில் என்ன நஷ்டம் என்று எல்லா வீட்டிலும் அதையே கேட்டாள்.

ஐந்து நாளில் ஏழு வீடு முடிந்தது. ஏழு பேருமே பிள்ளையை வேறு இடத்தில் சேர்த்து முடித்தவர்கள். மார்க்கெட் முடிந்து வந்ததும் தமிழ்வாணியை இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். நகைக்கடையில் வேலை பார்க்கிற பீமாராவ் நாலாம் நம்பர். கடிதம் அவருக்கு ரொம்பப் பிடித்துப்போனது. அவ்வளவு நல்ல கடிதத்தில் ராகு காலத்தில் எப்படிக் கையெழுத்துப் போடுவது என்று ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்து மூன்று காபி கொடுத்தார். ஆறாம் நம்பர் விருமாண்டி கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்தப் பள்ளிக்கூடத்துக்கும் போட்டிருந்தேனா?" என்று மனைவியைக் கேட்டார். போட்டது ஏழு இடம். நினைவில் நின்றது நாலுதான். இந்த மனிதருக்காகத் தன் மகள் காத்துக் கிடந்தாள் என்று நினைக்கும்போது கனகலட்சுமிக்குச் சிரிப்பதா அடிப்பதா என்று தெரியவில்லை. கும்பிட்டுவிட்டு வந்தாள்.

வெள்ளிக்கிழமை ஏழு தாளையும் பிலோமினாளின் மேஜை மேல் வைத்தாள். அலுவலகத்தில் மஞ்சள் வாசம் அடித்தது.

பிலோமினாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள். "இதுல வேண்டாம்னு எங்கயும் இல்லயேம்மா."

"வேற எடத்துல சேந்தாச்சுன்னு இருக்குல்ல மேடம். ஒரு பிள்ளை ரெண்டு பள்ளிக்கூடத்துல உக்காருமா?"

பிலோமினாள் தாள்களை எடுத்துக்கொண்டு தலைமை ஆசிரியையான சிஸ்டரின் அறைக்குப் போனாள். கதவுக்குப் பின்னால் சிஸ்டர் சிரிக்கிற சத்தம் கேட்டது. பிலோமினாள் திரும்பி வந்து, ஏழு பேருக்கும் போன் போட்டு உறுதி செய்துகொண்டு, ஏழு பெயரையும் ஸ்கேல் வைத்துக் கோடிட்டாள். இருபத்திரண்டு வருஷத்தில் இப்படி ஒரு வேலை செய்ததில்லை என்று அவள் சொல்லவில்லை. ஆனால் கோடு போடும்போது அவள் முகத்தில் தெரிந்தது.

"இனி எட்டாம் நம்பர்" என்றாள். "ஜெய்சன், எஸ்தர். அவுககிட்டயும் லெட்டர் வாங்கிட்டியா?"

"வீடு பூட்டிக் கெடக்கு மேடம். ரெண்டு தடவ போயிட்டேன்."

பிலோமினாள் போன் போட்டாள். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று வந்தது. "திங்கள்லருந்து கணக்கு வச்சுக்கிறேன். தெனமும் போடுவேன். புதன் சாயங்காலம் வரைக்கும் பதில் இல்லைன்னா ஒம்பது."

ஒன்பது என்றால் தமிழ்வாணி. கனகலட்சுமி அலுவலகத்தை விட்டு வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று ராம்கிக்கு போன் போட்டாள். அவன் கம்பம் பக்கத்தில் லாரிக்கு டீசல் போட்டுக்கொண்டிருந்தான்.

"அப்ப முடிஞ்சது சோலி" என்றான். "புதன்கெழம வரைக்கும் பேசாம இரு. நாம என்ன களவாண்டமா? போன் நம்பர் மாத்துனவுக அவுக."

அவன் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அதனால்தான் அவளுக்குத் தூக்கம் வரவில்லை. திங்கட்கிழமை முழுக்கப் பேசாமல் இருந்தாள். செவ்வாய்க்கிழமை காலை ஏலத்தில் ஐந்து பெட்டி ஒரு வியாபாரிக்கு விழுந்தது. அந்த ஆள் அப்போது டீக்கடைக்குப் போயிருந்தார். பக்கத்தில் நின்றவர், "அவரைக் காணோம்ல, எனக்குப் போடுத்தா" என்றார். கனகலட்சுமி வழக்கம்போல, "பேர் விழுந்த சரக்குண்ணே, கைய வைக்காதீக" என்று சொல்லி, டீக்கடைக்கு ஆள் அனுப்பினாள். முன்பின் தெரியாத தக்காளி வியாபாரிக்கு ஆள் அனுப்புகிறவள், எட்டாம் நம்பர் பிள்ளைக்கு மட்டும் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆசைதான். மகள் மேல் வைத்த ஆசை. அதை அவள் தனக்குத்தானே மறைக்கவில்லை. வரிசையில் நின்று வாங்குகிற இடத்தை, அடுத்தவள் அசந்த நேரம் பார்த்து வாங்கி, அதில் மகளை உட்கார வைக்க அவளுக்கு மனசு ஒப்பவில்லை. அவ்வளவுதான்.

மார்க்கெட் முடிந்ததும் எட்டாம் நம்பரின் பக்கத்து வீட்டைத் தட்டினாள். எஸ்தருக்கு இரண்டாவது பிரசவம், கொட்டாம்பட்டியில் அம்மா வீட்டில் இருக்கிறாள், ஜெய்சனும் லீவு போட்டுவிட்டு அங்கேதான் இருக்கிறான் என்றார்கள். தமிழ்வாணியைத் தூக்கிக்கொண்டு மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினாள். திருச்சி ரோட்டில் மேலூர் தாண்டும்வரை, இறங்கித் திரும்பிவிடலாமா என்று இரண்டு தடவை நினைத்தாள். பஸ் நிற்கவில்லை, அவளும் இறங்கவில்லை.

கொட்டாம்பட்டியில் சர்ச்சுக்குப் பின்தெரு. எஸ்தர் பன்னிரண்டு நாள் குழந்தையோடு கட்டிலில் இருந்தாள். மூத்தவன் வாசலில் மண்ணில் விளையாடிக்கொண்டிருந்தான். கனகலட்சுமி வந்த சேதியைச் சொன்னதும் எஸ்தருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், "போன் தண்ணித் தொட்டிக்குள்ள விழுந்துருச்சு, நம்பரும் போயிருச்சு. எங்களுக்கு வேற பள்ளிக்கூடமே இல்லக்கா, இது ஒண்ணுக்குத்தான் போட்டோம்" என்று அழுதுவிட்டாள். அடடா, நம்ம கட்சியில் இன்னொரு உறுப்பினர் என்று கனகலட்சுமி நினைத்தாள். நினைத்தபோது வலிக்கத்தான் செய்தது.

ஜெய்சன் கூர்மையான ஆள். "நீங்க எத்தனையாவது நம்பருக்கா?" என்றான்.

"ஒம்பது."

எஸ்தர் அழுவதை நிறுத்திவிட்டாள். ஜெய்சன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்கக்கா, சாப்ட்டுத்தான் போகணும்" என்றான்.

கனகலட்சுமி சாப்பிட்டாள். தமிழ்வாணி எஸ்தரின் மகனோடு மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். கிளம்பும்போது, ஏழு வீட்டிலும் கேட்ட கேள்வியை இங்கேயும் கேட்டாள். நம்பிக்கையில் கேட்கவில்லை, பழக்கத்தில் கேட்டாள். "ஒங்களுக்குத் தெரிஞ்சு, அங்க சேந்துட்டு வராம இருக்கப் போற பிள்ளைக யாராச்சும் உண்டா தம்பி?"

ஜெய்சன் எஸ்தரைப் பார்த்தான். எஸ்தர் ஜெய்சனைப் பார்த்தாள்.

"இன்பசேகரன் அண்ணன்" என்றாள் எஸ்தர். "அவுக மக சேந்திருச்சுல்ல. அண்ணனுக்குத்தான் திண்டுக்கல்லுக்கு மாத்தலாயிருச்சே."

இன்பசேகரன் ஆசிரியர். கோச்சடையில் ஜெய்சனோடு ஒரே சர்ச்சுக்குப் போகிறவர். திண்டுக்கல்லில் வீடு பார்த்தாகிவிட்டது, மகளைச் சேர்த்தும் ஆகிவிட்டது. இங்கே கட்டிய சீட்டை ரத்து செய்கிறேன் என்று சொல்ல மட்டும் மனசு வராமல், நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டிருந்தார். ஜெய்சன் மாமனாரின் போனை வாங்கி அப்போதே கூப்பிட்டான். நடந்ததை எல்லாம் சொன்னான்.

"அந்தம்மாட்ட போனக் குடு" என்றார் இன்பசேகரன். கனகலட்சுமி காதில் வைத்தாள்.

"அம்மா, இது ரெண்டு வாரத்துக்கு முன்னாடியே நான் செஞ்சிருக்க வேண்டிய வேலை. மன்னிச்சுக்கங்க. வெள்ளிக்கெழம சாமான் ஏத்த மதுரைக்கு வாரேன். எழுதி எடுத்துட்டு வாரேன்."

"எப்டி எழுதணும்னு நான் சொல்லவாண்ணே?" என்றாள் கனகலட்சுமி.

புதன்கிழமை காலை ஜெய்சன் மகனோடு அலுவலகத்துக்கு வந்து சேர்த்துவிட்டுப் போனான். யார் போய்ச் சொன்னது என்று பிலோமினாள் கேட்டாள். அவன் சொன்னான். பிலோமினாள் ரசீதைக் கிழித்துக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை இரண்டு மணியிலிருந்து கனகலட்சுமி அலுவலக வராந்தாவில் நின்றாள். மூன்று மணி ஆனது. இன்பசேகரன் வரவில்லை. மூன்றரை ஆனது. 'வாரேன்' என்று சொன்ன எத்தனை பேரை இந்தப் பதினைந்து நாளில் பார்த்துவிட்டாள். தமிழ்வாணி தூங்கித் தோளில் சாய்ந்துவிட்டாள். மூன்றே முக்காலுக்கு ஒரு பழைய ஸ்கூட்டர் வாசலில் வந்து நின்றது. பின்சீட்டில் சுருட்டிய பாய், காலடியில் ஒரு பிளாஸ்டிக் வாளி. அவற்றுக்கு நடுவில் வியர்வை வழிகிற மனிதர். சட்டைப் பையில் மடித்த தாள்.

'எனக்குப் பணியிட மாறுதலும் என் மகளுக்குத் திண்டுக்கல்லில் நல்ல பள்ளியும் கிடைத்திருப்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.' பிலோமினாள் வாசித்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். போனை எடுத்து எண்களை அமுக்கினாள். மேஜைக்கு இந்தப் பக்கம் நின்ற கனகலட்சுமியின் போன் அடித்தது.

"மேடம், நான் இங்கனதான நிக்கிறேன்."

"நிக்கலாம். போன் போட்டுச் சொல்லணும்ங்கிறது விதி. எடும்மா."

எடுத்தாள். ஒரு மேஜை அகலத்தில் நின்றுகொண்டு இரண்டு பேரும் காதில் போனை வைத்துப் பேசினார்கள். பிலோமினாள் விதிப்படி கேட்டாள். "ஒங்க மகள் தமிழ்வாணிக்கு எல்.கே.ஜி.யில எடம் இருக்கு. சேக்குறீங்களா?"

மார்க்கெட் முழுக்கக் கேட்கிற குரல் அப்போது வரவில்லை. கனகலட்சுமி தலையை ஆட்டினாள். போனில் தலையாட்டினால் செல்லாது என்று பிலோமினாள் சொல்லவில்லை. சேர்க்கைப் பதிவேட்டைத் திறந்து எழுத ஆரம்பித்தாள். பிள்ளையின் பெயர். பிறந்த தேதி. தந்தையின் தொழில், ஓட்டுநர். தாயின் தொழில் என்ற கட்டத்துக்கு வந்ததும், "வீட்டு வேலைன்னு போட்றவா?" என்றாள், எல்லாருக்கும் போட்டுப் போட்டுக் கை பழகியதால்.

"ஏலம் கூறுறேன் மேடம்" என்றாள் கனகலட்சுமி. இப்போது குரல் வந்துவிட்டது, அலுவலகத்துக்குக் கொஞ்சம் அதிகமாகவே வந்தது. "பரவை மார்க்கெட்ல."

பிலோமினாள் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு குனிந்து, எழுத்தெழுத்தாக, அழகாக எழுதினாள்.

வெளியே வந்ததும் ராம்கிக்கு போன் போட்டாள். அவன் லாரி குமுளி ஏற்றத்தில் இருந்தது. "சேத்தாச்சு" என்றாள். "எட்டாம் நம்பரும் சேந்தாச்சு, நம்ம பிள்ளையும் சேந்தாச்சு."

அடுத்த நொடி லாரியின் ஹாரன் அலறியது. விடாமல் அடித்தான். பின்னால் வந்த வண்டிக்காரர்கள் மலையாளத்திலும் தமிழிலும் அவனைத் திட்டுவது தெளிவாகக் கேட்டது. தோளில் தூங்கிக்கொண்டிருந்த தமிழ்வாணி விழித்துக்கொண்டு, என்னம்மா சத்தம் என்றாள்.

"ஒங்கப்பா மலை ஏறுறாரு" என்று சொல்லி, கனகலட்சுமி மகளை இறக்கிவிட்டு, திங்கட்கிழமை முதல் நடக்கப்போகிற அந்தப் பத்து நிமிஷ வழியில் அவளை நடத்திக் கூட்டிக்கொண்டு போனாள்.